ஆபாவின் அந்த ரயில் பெண்ணுக்கு மறுநாள் என்ன ஆயிற்று?

கேசட் கதிர்

ஸ்வீடன் பாப் குழு ஆபா என்றாலே பேச்சு 'வாட்டர்லூ'வில் தொடங்கி 'டான்சிங் குயி'னில் முடிந்துவிடுகிறது. இங்கே அந்த இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைப்போம். நான் பேச வந்தது 'தி டே பிஃபோர் யூ கேம்' பற்றி. 1982 ஆகஸ்ட்டில் ஸ்டாக்ஹோமில் பதிவானது. பாடகிகள் அக்னெத்தா, ஃப்ரிடா, பாட்டை உருவாக்கும் பியோர்ன், பென்னி என்ற நால்வரும் பிரிவதற்கு முன் ஸ்டூடியோவில் கடைசியாகப் பதிவுசெய்த பாட்டு இதுதான். கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடும், பல்லவி என்று ஒன்று கிடையாது. 'நீ' வந்ததற்கு முந்தைய நாள் தான் என்னென்ன செய்திருப்பேன் என்று ஒரு பெண் யோசித்து யோசித்துச் சொல்கிறாள். எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பாள். ரயிலில் பேப்பர் படித்திருப்பாள். ஒன்பதே காலுக்கு ஆபீஸ் மேசையில் இருந்திருப்பாள். மதியம் இரண்டரைக்கு ஏழாவது சிகரெட். ஐந்து மணிக்குக் கிளம்பி, வழியில் சீனச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வீடு. டிவியில் 'டல்லாஸ்' தொடர். பத்தே காலுக்குப் படுக்கை, கையில் ஒரு புத்தகம், கூரையில் மழைச் சத்தம். மறுநாள் யார் வந்தது, வந்து என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

காதலன் வந்தான் என்பது ஒரு கட்சி. கொலைகாரன் வந்தான் என்பது இன்னொரு கட்சி. வந்தது சாவுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி இது: காதலன் வந்தான், வந்தவன் போயும்விட்டான், போன பிறகுதான் இவள் பேசுகிறாள். உங்கள் ஓட்டு எதற்கு?


மேகலா

காதலன்தான், இதில் என்ன சந்தேகம் கதிர் அண்ணா? வீடியோவைப் பாருங்கள். அக்னெத்தா ரயிலில் ஓர் ஆளைப் பார்க்கிறார், அவனும் பார்க்கிறான், அப்புறம் என்ன என்று கேட்கவா வேண்டும்? சலித்துப்போன வாழ்க்கை, ஒருத்தன் வந்தான், எல்லாம் மாறிவிட்டது. இதற்குள் கொலைகாரனைக் கூட்டி வருவது கிரைம் சீரியல் பார்ப்பவர்கள் வேலை.


நள்ளிரவு ரேடியோ

கிரைம் சீரியல் பார்ப்பவன் ஆஜர்.

வீடியோவை எடுத்தவர்கள் வேறு, பாட்டை எழுதியவர்கள் வேறு. வீடியோவில் வரும் ஆள் பாட்டில் இல்லை. பாட்டில் இருப்பதை மட்டும் வைத்துப் பேசுவோம். சந்தோஷமாக இருக்கும் பெண் இப்படியா பேசுவாள்? எந்த ரயில், எத்தனை மணி, எத்தனையாவது சிகரெட். யாரோ எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு 'அதற்கு முந்தைய நாள் என்ன செய்தாய், ஒன்றுவிடாமல் சொல்' என்று கேட்பது போல இல்லையா? ஒவ்வொரு வரியிலும் 'இருக்க வேண்டும்', 'அநேகமாக', 'கிட்டத்தட்ட நிச்சயம்' என்று ஒரு பிடி தளர்த்தியே வைக்கிறாள். சாட்சி சொல்பவர் பேசும் பேச்சு அது. காதலிப்பவளுக்கு அவனைச் சந்தித்த நாள் ஞாபகம் இருந்தால் போதும், அதற்கு முந்தைய நாளைத் தோண்டி எடுக்க வேண்டிய அவசியம் என்ன?


பொன்னி வாசகி

'நீ' யாரென்று சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது. நம் அகப்பாடல்களில் தலைவனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. பெயர் வந்துவிட்டால் அது அந்த ஒருவனின் கதையாகிவிடும். இங்கேயும் அதே. 'நீ' என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் சோற்றையும் வேலையையும் தூக்கத்தையும் மட்டும் சொல்கிறாள். அவனைப் பற்றிச் சொல்லாமலே அவன் எவ்வளவு பெரியவன் என்று தெரிகிறது.


நள்ளிரவு ரேடியோ

அம்மா, ஆபீசுக்குப் போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்த ஸ்வீடன்காரியைக் குறிஞ்சித் திணைக்குக் கூட்டிப் போய்விட்டீர்களே! ஆனால் கவனித்துப் பாருங்கள், தலைவன் எவ்வளவு பெரியவன் என்பதும் பாட்டில் இல்லை. அவன் நல்லவன் என்றுகூட இல்லை.


சவுண்ட் சேகர்

எல்லோரும் வார்த்தையை வைத்தே வழக்காடுகிறீர்கள். ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் கேட்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபாவின் ஒலி என்று நாம் அடையாளம் காண்பதற்கு முக்கியக் காரணம் அவர்களுடைய ஒலிப்பதிவாளர் மைக்கேல் டிரெட்டோ. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒரே அறையில் ஏகப்பட்ட வாத்தியக்காரர்களை அடைத்து, சுவர் போல ஒரு ஒலியைக் கொண்டுவந்தார். அத்தனை பேருக்குக் கூலி கொடுக்க ஸ்டாக்ஹோமில் இவர்களிடம் காசு ஏது? டிரெட்டோ குறுக்கு வழி ஒன்று பிடித்தார். பின்னணி இசை முழுவதையும் ஒரு தடவை வாசித்துப் பதிவுசெய்வது. அப்புறம் டேப் ஓடும் வேகத்தை மயிரிழை மாற்றி வைத்து, அதே ஆட்களை அதன் மேலேயே இன்னொரு தடவை வாசிக்க வைப்பது. திரும்பச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இரண்டும் சுருதியில் துளி விலகி நிற்கும். காது அதை விலகலாகக் கேட்காது, கனமாகக் கேட்கும். 1973இல் 'ரிங் ரிங்' பாட்டில் இதைச் செய்தார்கள். அதற்குப் பிறகு விடவே இல்லை. குரல்களுக்கும் இதே கதிதான். அக்னெத்தாவும் ஃப்ரிடாவும் தங்களுக்கு எட்டும் உச்சத்தில் சேர்ந்து பாடி, அதன் மேல் மறுபடி பாடி, மறுபடியும் பாடி அடுக்கியது. 'டான்சிங் குயின்' ஆரம்பத்தில் பியானோ சரிந்து இறங்கியதும் நேராகப் பல்லவியின் பின்பாதிக்குள் குதிக்கிறார்களே, அந்த இடத்தில் மேலே பாய்கிற சத்தம் இரண்டு பெண்களுடையது என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

இப்போது இந்தப் பாட்டுக்கு வாருங்கள். அந்தச் சுவர் இடிந்து கிடக்கிறது. வழக்கமான வாத்தியக் குழு இல்லை. பென்னியின் சின்தசைசர், கூடவே இயந்திரத் தாளம். பியோர்னின் கிதார் கொஞ்சம், ஒரு ஸ்நேர் டிரம். முடிந்தது. அக்னெத்தா தனியாகப் பாடுகிறார். பாடகி போலவே பாடவில்லை, பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேசும் யாரோ போலப் பாடுகிறார். எங்கும் உயரே எடுக்கவில்லை, நீட்டவில்லை. ஸ்டூடியோவில் விளக்குகளைத் தணித்து வைத்துத்தான் அவர் பாடினார் என்று டிரெட்டோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆனால் பின்னால் கேளுங்கள். ஃப்ரிடா. வார்த்தையே இல்லாமல், ஓபரா மேடையில் நிற்பவர் போல. முன்னால் இருப்பவள் ஏழாவது சிகரெட் என்கிறாள், பின்னால் இருப்பவள் அதற்கு ஒப்பாரி வைக்கிறாள். கதை முழுவதும் ஃப்ரிடாவிடம் இருக்கிறது. வந்தவன் காதலனோ எமனோ, முடிவு நல்ல முடிவு இல்லை.


மேகலா

சேகர் சார், ஃப்ரிடாவை இவ்வளவு நாள் நான் சின்தசைசர் என்று நினைத்திருக்கிறேன் என்றால் பாருங்கள். ஆனாலும் சோகமாக ஒலித்தால் சோக முடிவு என்று ஆகிவிடுமா? தனிமையில் கிடந்த அந்த நாளுக்காகவும் அழலாமே. அவன் வருவதற்கு முன் தான் எவ்வளவு வெறுமையாக இருந்தோம் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. எனக்கு அது போதும்.


ஸ்டாக்ஹோம் சிவா

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது ஸ்டாக்ஹோம். அந்தப் பெண் ஏறிய ரயில் போன்ற ஒன்றில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.

இங்கே நவம்பரில் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் வெளிச்சம் சரியாக வந்திராது. ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டி நெடுநேரம் ஆகியிருக்கும். ரயிலில் யாரும் யாருடனும் கதைக்க மாட்டார்கள். கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் சாப்பிட்டுப் படுப்பது இங்கே துயரக் கதை இல்லை, வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால் 'பாவம், எவ்வளவு தனிமை' என்று நீங்கள் இரக்கப்படும் இடத்தில் ஒரு ஸ்வீடன்காரர் 'எனக்கும் அப்படித்தான்' என்று தோளைக் குலுக்குவார்.

2010இல் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது பென்னி பேசியதைத் தேடிப் பாருங்கள். வருடத்தில் பாதி பனி, வடக்கே மாதக்கணக்கில் சூரியனே இல்லை, இப்படிப்பட்ட தேசத்துப் பாட்டில் அது தெரியாமல் போகுமா என்று கேட்டார். ரஷ்யாவிலிருந்து ஸ்காண்டிநேவியா வரை ஒரு சோகப் பட்டை ஓடுகிறது, சிலர் அதை வோட்கா பட்டை என்று தப்பாக நினைக்கிறார்கள் என்று ஒரு பகிடியும் விட்டார். அவர் சிறு வயதில் கையில் எடுத்த வாத்தியம் அக்கார்டியன். தகப்பனும் பாட்டனும் வாசித்தது. அவருடைய மெட்டுகளில் டிஸ்கோவைச் சுரண்டினால் அடியில் நாட்டுப்பாட்டு இருக்கும்.

அந்தப் பாட்டு பதிவான போலார் ஸ்டூடியோ குங்ஸ்ஹோல்மன் தீவில் பழைய சினிமாத் தியேட்டர் ஒன்றை மாற்றிக் கட்டியது. 1978இல் திறந்தார்கள். திறந்த வருடமே இங்கிலாந்து ராக் குழு லெட் செப்பெலின் வந்து ஓர் ஆல்பம் முழுவதையும் பதிவுசெய்துவிட்டுப் போனார்கள். 2004இல் மூடியாயிற்று. இப்போது ஆபாவைப் பார்க்க யூர்கோர்டன் தீவு மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு சிவப்புத் தொலைபேசி இருக்கிறது. அதன் எண் அந்த நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று காத்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.


டிஸ்கோ துரை

எல்லோரும் அழுது முடித்தாயிற்றா? ஒரு நல்ல சமாச்சாரம் சொல்கிறேன். அந்தப் பளபள உடைகள் ஏன் அவ்வளவு கோரம் தெரியுமா? தெருவில் போட்டுக்கொண்டு போக முடியாத உடையாக இருந்தால் மட்டும்தான் ஸ்வீடன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். பியோர்னே இதைச் சொல்லியிருக்கிறார். 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன், 'வாட்டர்லூ' பாடி ஜெயித்த மேடை. வெள்ளி பூட்ஸ், நட்சத்திர வடிவத்தில் கிதார். இசை நடத்துனர் நெப்போலியன் வேடத்தில் வந்து நிற்கிறார். அத்தனையும் கணக்கில் வந்திருக்கும்.


கேசட் கதிர்

துரை, உங்களை யாரும் திருத்த முடியாது. ஆனால் சொன்னது சும்மா இல்லை. அந்த உடையும் வெற்றியும்தான் சொந்த ஊரில் அவர்களுக்கு எதிராகத் திரும்பின. அடுத்த வருடம் யூரோவிஷன் ஸ்டாக்ஹோமில் நடந்தபோது இடதுசாரி இசைக்காரர்கள் எதிர்ப்பு விழாவே நடத்தினார்கள். பாட்டில் அரசியல் இல்லை, வியாபாரம்தான் இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. அதே ஆபா 1981இல் 'தி விசிட்டர்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை சோவியத் அதிருப்தியாளர்களை நினைத்து எழுதியது. கதவு தட்டப்படுமோ என்று பயந்து உட்கார்ந்திருப்பவரின் பாட்டு. அதை எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டார்கள்?

அதிலிருந்து ஒரு நூல் பிடிக்கலாம். 'தி விசிட்டர்ஸ்' வெளியே யாரோ வரப்போகிறார்கள் என்ற பயம். பத்து மாதம் கழித்து 'நீ வந்ததற்கு முந்தைய நாள்'. வருகிறவர்கள் இவர்கள் பாட்டில் நல்லவர்களாக இருப்பதில்லை.


நள்ளிரவு ரேடியோ

ஒரு ஓட்டு நம் பக்கம் சாய்கிறது!


மேகலா

சாயட்டும். எனக்கு வேறொரு கேள்வி. கதிர் அண்ணா 'காதலன் வந்து போய்விட்டான்' என்கிறார். அந்த எண்ணம் பாட்டிலிருந்து வந்ததா, அக்னெத்தா - பியோர்ன் விவாகரத்திலிருந்து வந்ததா? இவர்கள் வீட்டுக் கதை தெரிந்துவிட்டதால் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதையே தேடுகிறோம்.


கேசட் கதிர்

சரியான இடத்தில் கை வைத்தாய் மேகலா. இந்த ஆராய்ச்சி ஆபா ரசிகர்களின் நெடுநாள் வியாதி.

வருடத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதி கதை கழன்றுவிடும். அக்னெத்தாவும் பியோர்னும் 1971இல் கல்யாணம் செய்துகொண்டார்கள், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தது பென்னி. பிரிந்த செய்தி வந்தது 1979 ஜனவரியில். பென்னியும் ஃப்ரிடாவும் பல வருடம் சேர்ந்து வாழ்ந்து 1978 அக்டோபரில்தான் முறைப்படி கல்யாணம் செய்தார்கள், 1981இல் முறிந்தது. ஆனால் காலி வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு பிரிகிற 'நோயிங் மீ, நோயிங் யூ' பதிவானது 1976இல்! அப்போது இரண்டு ஜோடியும் நன்றாகத்தான் இருந்தார்கள். விவாகரத்துப் பாட்டு முதலில் வந்தது, விவாகரத்து பிறகு வந்தது.

1980இல் வந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' வேறு விஷயம். பாட்டிலும் கையுமாக உட்கார்ந்து மடமடவென்று எழுதியதாக பியோர்ன் சொல்கிறார். பிரிவின் வலி உண்மை, ஆனால் எங்கள் விவாகரத்தில் ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் இல்லை என்றும் சொல்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.


பொன்னி வாசகி

எனக்கு அங்கேதான் நெருடல். பிரிந்துபோன கணவன் உட்கார்ந்து, தோற்றவள் பேசுவதாக ஒரு பாட்டு எழுதி, அதை அந்த மனைவி கையிலேயே கொடுத்துப் பாடச் சொல்கிறான். அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்'. அது பென்னி - ஃப்ரிடா முறிவை மனதில் வைத்து எழுதியது. எழுதியது மறுபடியும் பியோர்ன், மெட்டுப் போடுவதில் பென்னி, பாடுவது ஃப்ரிடா. இரண்டு வீட்டுப் பெண்களின் துக்கத்துக்கும் வசனம் எழுதியது ஒரே ஆண். பாடகிகளுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லையா?


சவுண்ட் சேகர்

பொன்னி அக்கா, நியாயமான கேள்வி. ஆனால் அக்னெத்தாவைப் பலிகடா ஆக்கிவிடாதீர்கள். ஆபா பாட்டுகளில் தனக்கு மிகவும் பிடித்தது 'வின்னர்' என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆபாவுக்கு முன்பே ஸ்வீடனில் சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போட்டு முதலிடம் பிடித்தவர் அவர். பதினேழு வயசுப் பெண்ணாக இருந்தபோது. என்ன பாடுகிறோம் என்று தெரியாமல் பாடுகிற ஆள் இல்லை.

வார்த்தை பியோர்னுடையதாக இருக்கலாம். அந்தப் பாட்டில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, கிட்டத்தட்ட இரண்டு துண்டு மெட்டை வைத்தே ஐந்து நிமிடம் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதை வேறாக மாற்றுவது யார்? முதல் சுற்றில் ஒன்றும் நடக்காதது போல. நடுவில் கை நடுங்குகிறது தெரிகிறது. கடைசிச் சுற்றில் குரலை உடைக்காமல் உடைகிறார். எழுதிக் கொடுத்து வருவதா அது?


லண்டன் லதா

நான் லண்டனில் 'ஆபா வாயேஜ்' மேடை நிகழ்ச்சி பார்த்தேன். 2022 மே மாதம் தொடங்கியது, அதற்கென்றே கட்டிய அரங்கு, மூவாயிரம் பேர் கொள்ளும். வயதாகிவிட்ட நால்வருக்கும் உடம்பெல்லாம் சென்சார் உடுப்பு மாட்டி, ஐந்து வாரம் 160 கேமராக்கள் முன்னால் ஆடிப்பாட வைத்து, அதிலிருந்து 1979இல் இருந்த உருவத்தைச் செய்திருக்கிறார்கள். வாத்தியக்காரர்கள் மட்டும் உயிருள்ள மனிதர்கள். ஆரம்பப் பாட்டு எது தெரியுமா? நீங்கள் சொன்ன அதே 'தி விசிட்டர்ஸ்'. மினுக்குச் சட்டை போட்டுக்கொண்டு ஆட வந்த கூட்டம் ஒரு நிமிடம் திகைத்து நின்றது.

'வின்னர்' வந்தபோது பக்கத்தில் இருந்த கணவன் மனைவி இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பாடினார்கள். நான் கேட்காத கேள்வி அது.

உங்கள் ரயில் பெண்ணை மட்டும் காணோம். நான் பார்த்தபோது அந்தப் பாட்டு பட்டியலில் இல்லை.


டிஸ்கோ துரை

ஆறு நிமிடம் ஒருத்தி டைம் டேபிள் சொல்வதற்கு டிக்கெட் போட முடியுமா லதா?

இன்னொன்று. அந்தப் பாட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 32ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 1984இல் பிளாமாஞ்ச் என்ற இருவர் குழு அதையே திரும்பப் பாடி 22ஆம் இடம் வரை போனார்கள். மூலத்தில் அவள் படுக்கையில் படிப்பது மர்லின் ஃபிரெஞ்ச் புத்தகம். பிளாமாஞ்ச் அதை பார்பரா கார்ட்லேண்ட் ஆக்கிவிட்டார்கள்.


பொன்னி வாசகி

துரை, நீங்கள் அறியாமலே பெரிய துப்பு கொடுத்துவிட்டீர்கள். மர்லின் ஃபிரெஞ்ச் பெண்ணிய எழுத்தாளர். கல்யாணச் சிறையிலிருந்து வெளியே வரும் பெண்களைப் பற்றி எழுதியவர். கார்ட்லேண்ட் காதல் நாவல் இயந்திரம். கார்ட்லேண்ட் படிப்பவளாக இருந்தால் அவள் காதலனுக்குக் காத்திருந்தாள் என்று மேகலா சொல்லலாம். ஃபிரெஞ்ச் படித்துக்கொண்டிருந்தவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. தன் சம்பளம், தன் சிகரெட், தன் டிவி. அவளுடைய நாள் வெறுமையானது என்று முடிவு கட்டியது நாம். ஒருவேளை அவன் வந்த பிறகு, அந்த நாள் திரும்பக் கிடைக்காதா என்றுதான் ஒவ்வொரு மணியாக எண்ணுகிறாளோ?


கேசட் கதிர்

இப்படி நான் யோசித்ததே இல்லை. அவன் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறான் என்கிறீர்கள்!


நள்ளிரவு ரேடியோ

கொலைகாரனை விடப் பயங்கரமாக இருக்கிறதே அக்கா இது. என் கட்சியைக் கலைத்துவிட்டு உங்களிடம் சேரலாமா என்று யோசிக்கிறேன்.


மேகலா

நான் சேர மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீடியோ போடாமல், ஹெட்போனில், சேகர் சார் சொன்ன ஃப்ரிடாவை மட்டும் பின்தொடர்ந்து ஒரு தடவை கேட்டுவிட்டு நாளைக்கு வந்து ஓட்டுப் போடுங்கள். துரைக்கு ஓட்டு கிடையாது.


டிஸ்கோ துரை

எனக்கு எதற்கு ஓட்டு? 'வாட்டர்லூ' போதும்.


சவுண்ட் சேகர்

மேகலா, ஸ்பீக்கரில் வேண்டாம் என்றது சரி. ஃபோனை விட, நல்ல சிடி ஒன்று கிடைத்தால் அதில் கேளுங்கள். நான்காவது நிமிடத்துக்கு மேல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். அக்னெத்தா நிறுத்திய பிறகும் ஃப்ரிடாவும் பென்னியும் நெடுநேரம் போகிறார்கள். அந்தப் பகுதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ரேடியோவில் வெட்டிவிடுவார்கள். உங்கள் வழக்குக்கான சாட்சி அங்கேதான் இருக்கிறது.